வாடகைக்கு விட ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? எவ்வளவு துண்டு விழும் என்று முதலில் பாருங்கள்

வருகிற வாடகையிலேயே இஎம்ஐ கட்டிவிடலாம் என்று புரோக்கர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள், ஒரு பேப்பரில் கணக்கு போடுங்கள். சென்னையை ஒட்டிய மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆக அதிகபட்சம் 48 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 41,650 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 18,000 வருகிறது என்றால், மாதாமாதம் துண்டு விழும் 23,000 சொச்சம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். ஆள் காலி செய்துவிட்டுப் போய் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் முழுத் தவணையும் உங்கள் தலையில்.

கையிலிருந்து போடுவதும் வெறும் 12 லட்சத்தோடு நிற்காது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம். வங்கி இதைக் கடன் கணக்கில் சேர்க்காது. கமிஷன், வக்கீல், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 19 லட்சத்தைத் தொட்டுவிடும். இந்தப் பணத்துக்குப் பர்சனல் லோன் போடும் யோசனை இருந்தால், என்னைக் கேட்டால், வாங்கவே வேண்டாம்.

சரி, வரியில் மிச்சமாகுமே என்பீர்கள். வாடகையிலிருந்து வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் கடன் வட்டி முழுவதையும் கழிக்கலாம். மேலே சொன்ன கணக்கில் முதல் வருஷ வட்டியே 4 லட்சத்தைத் தாண்டும், அதனால் ஏட்டளவில் இரண்டரை லட்சம் போல நஷ்டம் வரும். பழைய வரி முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம், புதிய முறையில் முடியாது. இப்போது பெரும்பாலோர் புதிய முறையில்தான் இருக்கிறார்கள், இதைச் சொல்லாமலே வீட்டை விற்கிறார்கள்.

கடனைக் குறைத்து வாங்குவதே நல்லது. 20 லட்சம் என்றால் தவணை 17,400க்குள் அடங்கும், வாடகை கிட்டத்தட்ட ஈடுகட்டும். மாறும் வட்டியில் கடன் எடுங்கள், தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது; போனஸ் வந்தால் அசலில் போட்டுவிடலாம்.

வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), பிரிபடாத பங்கு (மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்குச் சேரும் நிலம்) எத்தனை சதுர அடி என்பதையெல்லாம் வங்கி வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாமல் தனியாக ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர், அதாவது நீங்கள்.

குடிவைப்பதில் சோம்பல் கூடாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், பிரச்சினை வரும்போது நீங்கள்தான் அலைய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது அந்தச் சட்டம் வைத்த அளவு, பத்து மாதம் கேட்கும் காலம் போகட்டும். சாவி கொடுக்கும் அன்றே கீசர், குழாய், கதவுத் தாழ்ப்பாள், மின் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் அவரும் பக்கத்தில் இருக்க வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது யார் உடைத்தது என்ற பஞ்சாயத்து இருக்காது. சென்னை மாநகராட்சிப் பகுதி என்றால், வீட்டு வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. பத்திரம் கைக்கு வந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் (கடன் அடைந்துவிட்டது என்ற பத்திரம்) பதிந்து, அடமானம் நீங்கிவிட்டதா என்று வில்லங்கச் சான்றிதழ் நகல் ஒன்று போட்டுப் பாருங்கள்.