வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

என் தம்பிக்கு 2014இல் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, காபி டம்ளர் அவன் வலக்கையிலிருந்து நழுவியது. "அக்கா" என்று கூப்பிட வந்தவனின் நாக்குக் குழறியது. அதற்கு முன் ஒன்பது நாள் காய்ச்சல். அந்த ஒன்பது நாளை நான் வீணாக்கியதுபோல் நீங்கள் வீணாக்காதீர்கள்.

வால்வில் கிருமி ஒட்டி வளர்வதை எண்டோகார்டைட்டிஸ் என்கிறார்கள். அதிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குப் போய்க் குழாயை அடைத்தால் பக்கவாதம். சிலருக்குக் குழாயின் சுவரே நைந்து, புடைத்து, வெடித்துவிடும்.

ஆகவே காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரையில் தணிந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சீட்டு எழுதும்போதே, "செயற்கை வால்வு இருக்கிறது, ஆன்டிபயாடிக் தருவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுங்கள்" என்று சொல்லுங்கள். ரத்தத்தை எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. நாங்கள் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்திருந்தோம். அதனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. என்ன கிருமி என்றே தெரியாமல் ஆறு வாரம் ஊசி போட வேண்டியதாயிற்று. சரியான மருந்து கிடைத்தாலும் ஆறு வாரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

காய்ச்சலுக்குப் பயந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்விலேயே ரத்தம் கட்டிவிடும்.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் மட்டுமல்ல. புதிதாக வரும் கடும் தலைவலி, குழப்பம், வலிப்பு, பாதிப் பார்வை மறைதல் எல்லாமே மூளையின் கூக்குரல்தான். பத்து நிமிடத்தில் சரியானாலும் 108ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

மருத்துவமனையில் முதலில் காய்ச்சலைச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். சாதாரணப் பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். வால்வில் கிருமி இருந்தால் அதே ஊசி மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) குறித்த நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பல் பிடுங்கப் போனாலும் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள். என் தம்பி சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறான்: வால்வு வைத்த ஆண்டு, மாத்திரையின் பெயர், கடைசி ஐ.என்.ஆர்., என் கைபேசி எண். இடக்கையால் எழுதப் பழகிய பிறகு அவனே எழுதியது.