வட கடலோர மாவட்டங்களின் கோடைக்கடைசி வெயிலை நீங்களே கணிப்பது எப்படி?

கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடும், வெயில் முடியாது. சென்னை நுங்கம்பாக்கத்தின் உச்சபட்சப் பதிவான 45 டிகிரி வந்தது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. திருவள்ளூரிலிருந்து கடலூர் வரை மே கடைசி வாரமும் ஜூன் முதல் பாதியும்தான் பல ஆண்டுகளில் கடுமையாக எரிக்கும் நாட்கள். கைபேசி ஆப் 36 என்று காட்டும். வெளியே 41 காயும். அடுத்த ஐந்து நாளுக்கான கணிப்பை, இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்களை வைத்து நீங்களே போட்டுவிடலாம். பழகிவிட்டால் தினமும் இருபது நிமிட வேலை.

எதைத் தேடுகிறோம்

தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. மேற்கிலிருந்து வருவதன் பெயர் கோடை. வெயில் காலத்துக்கும் அந்தக் காற்றுக்கும் ஒரே சொல் இருப்பது இந்தக் கரையில் நிற்பவருக்குச் சட்டென்று புரியும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போதே சூடாகி, காய்ந்த தரை மீது தவழ்ந்து இன்னும் சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. அதை எதிர்ப்பது கடற்காற்று ஒன்றுதான். ஆகவே கணிப்பின் முதல் கேள்வி எத்தனை டிகிரி என்பதல்ல, கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பது. அதற்கு விடை கிடைத்தால் டிகிரி தானாக வரும்.

படி 1: பகுதியை மூன்று பட்டையாகப் பிரியுங்கள்

கரையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை ஒரு பட்டை. அங்கிருந்து 20 கிலோமீட்டர் வரை இரண்டாவது; மீனம்பாக்கம் விமான நிலையம் இதில் அடங்கும். அதற்கும் உள்ளே திருத்தணி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மூன்றாவது. "சென்னையில் 40" என்று ஒற்றை எண் போட்டால் திருவொற்றியூரிலும் தப்பு, பூந்தமல்லியிலும் தப்பு.

ஆப் ஏமாற்றுவதற்கும் இதுவே காரணம். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கணிப்பு மாடல் பொதுவில் தரும் வரைபடத்தில் கட்டம் ஒன்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலம். கரையோரக் கட்டத்தில் பாதி கடல், பாதி நிலம். இரண்டையும் கலந்து வரும் எண் எந்த ஊருக்கும் பொருந்தாது. ஈசிஎம்டபிள்யூஎஃப் என்ற ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கிலோமீட்டர் என்பதால் இதில் கொஞ்சம் தேவலை. ஆனாலும் தரை வெப்பநிலையை எந்த மாடலிலிருந்தும் நேரடியாக எடுக்க வேண்டாம்.

படி 2: 1,500 மீட்டர் உயரக் காற்றைப் பாருங்கள்

விண்டி (windy.com) தளத்தைத் திறந்து, உயரத்தை 850 ஹெக்டாபாஸ்கல் என்ற காற்றழுத்த மட்டத்துக்கு மாற்றுங்கள். சுமார் 1,500 மீட்டர். காற்றின் வேகம் நாட் அலகில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) இருக்கட்டும். காலை 11.30 மணிக்கான படத்தில் சென்னை மீது குறியை வைத்து வேகத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் வரைபடங்களை உலக நேரத்தில் (யூடிசி) தரும் தளத்தில் பார்த்தால் ஐந்தரை மணி கூட்டுங்கள்: 06 என்றால் நமக்கு 11.30, 09 என்றால் பிற்பகல் 2.30. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இரவுக் காற்றைப் பகல் காற்று என்று நினைத்துவிடுவார்கள்.

மேற்குக் காற்றின் வேகம் 10 நாட் அளவுக்குள் இருந்தால் கடற்காற்று நண்பகலுக்கு முன்பே கரையேறிவிடும். 10 முதல் 20 என்றால் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். 20-க்கு மேல் போனால் மாலை நான்கு தாண்டலாம், வராமலே போகலாம். இவை தொடக்க எண்கள்தான். உங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டியவை. திசையும் முக்கியம். 230 டிகிரி, அதாவது தென்மேற்கு என்றால் காற்று கரையைச் சாய்வாகத்தான் கடக்கிறது, கடற்காற்றுக்கு இடம் கிடைக்கும். 290, அதாவது மேற்கு-வடமேற்கு என்றால் நேர் எதிரே மோதுகிறது.

வங்கக் கடலின் வடபகுதியில் புயல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒடிசா, வங்காளம் நோக்கிப் புயல் ஏறும்போது நம் பக்கம் மழை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் அதிகம். புயல் வடக்கே போய்விட்ட பிறகு நடப்பது பெரும்பாலும் நேர்மாறு: அது இடஞ்சுழியாகச் சுழன்று நம் மீது மேற்குக் காற்றை இழுத்துக் கடற்காற்றை அடைத்துவிடும். 2020 மே மாத ஆம்பன், 2024 மே மாத ரீமால் போல வடக்கே கரை கடப்பவை வரைபடத்தில் தெரிந்தால், அந்த நாட்களை முதலில் சிவப்பில் குறியுங்கள்.

படி 3: டிகிரியைக் கணக்கிடுங்கள்

பிற்பகல் 2.30 மணிக்கு அதே 850 மட்டத்தில் வெப்பநிலை என்ன? காய்ந்த காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம், இறங்க இறங்கச் சூடாகும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 14.7. கடற்காற்று பிற்பகல் 2 மணிக்குப் பிறகே வரும் தெளிந்த வானத்து நாளில், மேலே 27 என்றால் கீழே 41, 42. மேலே 24 என்றால் 38, 39.

இந்தக் கூட்டல் முழுமையாக நடக்கத் தரைக் காற்றும் மேல்காற்றும் நன்றாகக் கலக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கடற்காற்று 12 மணிக்கே வந்தால் மூன்று, நான்கு டிகிரி கழியுங்கள். 12-க்கும் 2-க்கும் இடையில் என்றால் ஒன்று, இரண்டு. வானத்தை மேல்மட்ட மேகம் மூடியிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு குறையும். பருவமழை கேரளத்தில் தொடங்கும் நாட்களில் (இயல்பான தேதி ஜூன் 1) அந்தத் திரை அடிக்கடி இங்கே வரை நீளும்.

படி 4: "வறண்ட வானிலை" என்று எழுதும் முன்

வறண்ட வாரத்தைக் கெடுப்பது வெப்பச்சலன மழை. பிற்பகலில் சித்தூர், திருப்பதி, வேலூர், ஜவ்வாது மலைப் பக்கம் இடி மேகம் எழும்பி, மேற்குக் காற்றில் மிதந்து இரவு எட்டு மணிக்கு மேல் சென்னையைத் தொடும். 700 ஹெக்டாபாஸ்கல் மட்டத்தில் (சுமார் 3 கிலோமீட்டர் உயரம்) ஈரப்பதத்தைப் பாருங்கள். 60 சதவீதத்துக்கு மேல் இருந்து, 500 மட்டத்துக் காற்றும் (ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே) மேற்கிலிருந்து வந்தால் "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இரவு இடிமழை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 40-க்குக் கீழே என்றால் துணிந்து வறட்சி என்று எழுதலாம்.

படி 5: அன்றைய நாளை நேரலையில் சரிபாருங்கள்

சென்னை விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை மெட்டார் என்ற வானிலைக் குறிப்பை வெளியிடுகிறது. நிலையத்தின் குறி, தேதி-நேரம், காற்று என்ற வரிசையில் எண்கள் வரும். நேரம் இங்கும் உலக நேரமே. 29012 என்றால் 290 டிகிரித் திசையிலிருந்து 12 நாட். தள்ளி 39/17 என்று இருந்தால் வெப்பம் 39, பனிப்புள்ளி (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை; அது கூடினால் ஈரம் கூடுகிறது) 17: கோடைக் காற்றின் கையெழுத்து. அடுத்த குறிப்பில் 12010 (தென்கிழக்கிலிருந்து 10 நாட்), 36/25 என்று மாறினால் கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. மூன்று டிகிரி இறங்கியதைவிடப் பனிப்புள்ளி எட்டு ஏறியதே உறுதியான அடையாளம். மேகம் மறைத்தால்கூட வெப்பம் இறங்கும், ஆனால் பனிப்புள்ளி இப்படித் தாவாது.

டிகிரி இறங்கியதால் உடம்புக்குச் சுகம் என்று எழுதிவிடாதீர்கள். 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் வெப்பக் குறியீடு (ஈரத்தையும் சேர்த்து உடம்பு உணரும் வெப்பம்) 43. 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் 48. வெயிலில் வேலை செய்பவர்கள் உங்கள் கணிப்பை நம்பிக் கிளம்புகிறார்கள். வியர்வை காயாத புழுக்கத்தை அவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

படி 6: எழுதுங்கள்

ஒற்றை எண் வேண்டாம், இரண்டு டிகிரி இடைவெளி கொடுங்கள்:

"செவ்வாய்: மேற்குக் காற்று 22 நாட். கடற்காற்று மாலை 4-க்கு மேல். கரையோரம் 39–41, மீனம்பாக்கம் சுற்றுவட்டாரம் 40–42, திருத்தணி பக்கம் 41–43. மழை வாய்ப்பு இல்லை."

ஐந்தாம் நாளுக்குப் பிறகு எண்ணை விட்டுவிட்டு "இயல்பைவிட அதிகம்", "இயல்பை ஒட்டி" என்று மட்டும் போதும். "வெப்ப அலை" என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி போடக் கூடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் கடலோர நிலையத்துக்கு 37 டிகிரியாவது இருக்க வேண்டும், அது இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். இயல்பு 38 என்றால் 42.5 தொட்டால்தான் அந்தப் பெயர்.

படி 7: தவறைக் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை: தேதி, 850 மட்டக் காற்று, கணித்த உச்சம், பதிவான உச்சம், கடற்காற்று வந்த நேரம். பதிவுக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் எண்களையே எடுங்கள். காரின் திரை காட்டும் 46, மொட்டை மாடி வெப்பமானி காட்டும் 48 இரண்டும் சூடேறிய தகரத்தையும் சிமென்ட்டையும் அளப்பவை. நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள், தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத உயரத்தில் எடுப்பதே காற்றின் வெப்பம்.

பத்து நாள் ஆனதும் நோட்டைப் பாருங்கள். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் நீங்கள் கூட்டும் 14.7-ஐ 14 ஆகவோ 15.5 ஆகவோ மாற்றுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறினால் கூட்டல் எண்ணில் கை வைக்காதீர்கள். கடற்காற்று நேரத்தைத்தான் தப்பாக எடுத்திருக்கிறீர்கள், படி 2-இல் உள்ள 10, 20 நாட் எல்லைகளை உங்கள் பட்டைக்கு ஏற்ப நகர்த்துங்கள்.