தங்க ஸ்லைடு மேல நடக்கற ரியாக்‌ஷன ஐஆர்ல (அகச்சிவப்பு ஒளில) பாக்கறது எப்படிங்க

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் காலேஜ் லேப்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்காக எழுதறனுங்க. ஒரே ஒரு மாலிக்யூல் உயர லேயர்ல ரியாக்‌ஷன் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்க, மொதல்ல அசைடும் (மூணு நைட்ரஜன் வரிசையா இருக்கற தொகுதி) ஆல்கைனும் (ரெண்டு கார்பனுக்கு நடுவுல மூணு பிணைப்பு இருக்கறது) சேர்ற க்ளிக் ரியாக்‌ஷன எடுத்துக்கோங்க, 2022 கெமிஸ்ட்ரி நோபல் இந்த க்ளிக் வேதியியலுக்குத்தான். அசைடு பீக் 2100 வேவ்நம்பர் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தன அலைன்னு சொல்ற அளவு) பக்கம் தனியா நிக்கும், தண்ணி ஆவிக் கோடெல்லாம் 1400ல இருந்து 1900 வரைக்கும், கார்பன் டைஆக்சைடு 2350 பக்கம், நடுவுல இந்த எடம் காலி. பாலக்காட்டுக் கணவாய்ல ஈரக்காத்து அடிக்கற ஜூன், ஜூலைல இது பெரிய நிம்மதிங்க.

லேயர் போடறது சுலபம். அசைடு வெச்ச தயாலும் (தங்கத்துல ஒட்டிக்கற, கந்தகம் இருக்கற மாலிக்யூல்) சாதா தயாலும் கலந்த எத்தனால் கரைசல்ல, மொத்தமா 1 மில்லிமோலார் போதும், ராத்திரி பூரா ஊறப்போட்டு, அலசி, நைட்ரஜன் ஊதிக் காய வெச்சிருங்க. முழுக்க அசைடாவே போட்டா நெருக்கத்துல ஆல்கைன் உள்ள வர எடமிருக்காது.

பேக்ரவுண்ட்தான், அதாவது ஒப்பிடறதுக்காக அளக்கற ஸ்லைடுதான், முக்கியம். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட தயால் லேயர வைக்கச் சொல்லுவாங்க, மத்த வேலைக்கு அது அருமை, ஆனா கார்பன் டியூட்டீரியம் பீக் 2090, 2195 பக்கம் வந்து நம்ம அசைடு மேலயே உக்காந்துக்கும். அதனால அப்பத்தான் சுத்தம் பண்ணின வெறும் தங்கத்தையே வெய்யுங்க.

லைட் கிட்டத்தட்ட 80 டிகிரி சாய்வுல, பி போலரைஸ் பண்ணி (ஒளியோட மின்புலம் படுகதிர் தளத்துலயே இருக்கற மாதிரி) விழணும். சிக்னல் ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், அதனால எம்சிடி (மெர்க்குரி காட்மியம் டெலுரைடு) டிடெக்டர்ல திரவ நைட்ரஜன் ஊத்தி, மாட்டாஸ்பத்திரில சினை ஊசிக்கு வெச்சிருப்பாங்களே அதேதான், டிடெக்டர் நெலைக்கு வந்த பொறகு 4 வேவ்நம்பர் ரெசல்யூஷன்ல 500 ஸ்கேனாவது எடுங்க.

இப்ப காப்பர் சல்பேட், சோடியம் அஸ்கார்பேட், ஆல்கைன் கலந்த கரைசல்ல ஸ்லைட போட்டு, 5, 10, 20, 40 நிமிசத்துல ஒவ்வொண்ணா எடுத்து, ஈடிடிஏல (உலோகத்தப் புடிச்சுக்கற ரசாயனம்) அலசி காப்பர போக்கிட்டு அளங்க. ஒவ்வொரு ஸ்லைடயும் ரியாக்‌ஷனுக்கு முன்னாடியும் அளந்து வெச்சிருக்கணும், தங்கம் ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறும். மிச்ச அசைடு பங்கோட லாகரிதத்த நேரத்தோட கிராஃப் போட்டா, ஆல்கைன் தாராளமா இருக்கற வரைக்கும் நேர்கோடு வரணும், சாய்வுதான் வேகம். பாதில வளைஞ்சா கொஞ்சம் அசைடு நெருக்கத்துல மாட்டியிருக்கலாம்.

அசைடு பீக் கொறைஞ்சதையே ரியாக்‌ஷன்னு நம்பிராதீங்க, லேயரே கழண்டு போனாலும் கொறையும். எஸ்டர் இருக்கற ஆல்கைன் எடுத்தா 1730 பக்கம் புது பீக் வரணும், அங்க தண்ணிக் கோடு இருக்கறதால நைட்ரஜன் பர்ஜ் (கருவிக்குள்ள ஈரத்த வெளியேத்தற நைட்ரஜன் ஓட்டம்) நல்லா ஓடணும். அதுவும் வரலீன்னா உடனே தோத்துட்டதா நெனைக்காதீங்க, உலோகத்து மேல படுத்துக் கெடக்கற பிணைப்பு ஐஆர்ல தெரியாது, நிமிந்து நிக்கறதுதான் தெரியும். காப்பர் மட்டும் இல்லாம மத்ததெல்லாம் அதே மாதிரி போட்ட ஒரு ஸ்லைடு கூடவே ஓடட்டும், அதுல அசைடு அப்படியே இருந்தா மத்த ஸ்லைடோட கணக்க தைரியமா எழுதலாமுங்க.