பழகிப்போனது சத்தம் அல்ல: வேலையிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆரம்பத்தில் இந்தச் சத்தத்தில் தலை வலித்தது, இப்போது பழகிவிட்டது." தறி, பிரஸ், கிரைண்டிங் மெஷின் நடுவே வேலை செய்பவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. இதைக் கேட்டு நிம்மதி அடைவதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் மயிர் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. செத்த செல் திரும்ப முளைக்காது. சத்தம் குறைந்ததுபோல் தோன்றினால், குறைந்தது காதின் திறனாகவும் இருக்கலாம்.

பெரும்பாலும் முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். அதனால் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் நழுவிவிடும். வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகும். மனைவிதான் முதலில் கவனிப்பார்.

"கொஞ்சம்தானே கூடுதல்" என்று சத்தத்தை அளக்கும் டெசிபலைச் சாதாரணக் கணக்காகப் பார்ப்பது அடுத்த தவறு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், உடனே மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

காதடைப்பான் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைப்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. முதலில் இயந்திரத்தைப் பாருங்கள். தேய்ந்த பேரிங், கடகடவென்று ஆடும் தகடு, காற்று கசியும் குழாய், இவற்றைச் சரிசெய்தாலே சத்தம் இறங்கும். அடியில் ரப்பர் வைப்பது, சுற்றிக் கூண்டு அடைப்பது எல்லாம் அப்புறம்.

சரி, அடைப்பான் தேவைதான் என்றால், அதைப் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். நுரை அடைப்பானை விரலால் மெல்லிய திரிபோல உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, உப்பும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது சரியாக உட்காரவில்லை. பஞ்சு வைப்பதில் பெரிய பயனில்லை.

இன்னொன்று, பேசுவதற்காக அவ்வப்போது கழற்றுவது. 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும்.

டொலுவீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும் காதைக் கெடுக்கும். பெயிண்ட் வேலையும் இரைச்சலும் சேரும் இடத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, ஷிப்ட் முடிந்த கையோடு முதல் செவித்திறன் பரிசோதனை எடுப்பதும் தவறு. அப்போது காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருந்தபின் எடுங்கள். வேலையில் சேரும்போதே எடுத்து, ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிடுங்கள். முடிவின் நகலைத் தொழிலாளியின் கையிலும் கொடுங்கள்.