வெள்ளை ஒயின் வாங்கும்போது ஊரையும் ஆண்டையும் பாருங்கள்

வெள்ளை ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது திராட்சை ரகத்தின் பெயரை மட்டும் நம்பாமல், அது விளைந்த இடத்தையும் அறுவடை ஆண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அதே ஷார்டனே திராட்சை, பிரான்சின் குளிர்ந்த ஷாப்ளியில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைச் சாயலோடு கூர்மையாகவும், கலிபோர்னியாவின் வெயில் மிகுந்த பகுதிகளில் அன்னாசிப்பழ மணத்தோடு கனமாகவும் அமைகிறது. பழம் முதிரும் காலத்தில் வெப்பம் கூடினால் அதற்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் வேகமாகக் குறையும். இரவு நன்கு குளிர்ந்தால் அதில் பெரும்பகுதி தங்கிவிடும்.

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் சிறந்த தோட்டங்கள் பலவும் தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவுகளில் இருக்கின்றன. அங்குள்ள கரிய பலகைக்கல் (ஸ்லேட்) பகல் வெயிலை உள்வாங்கி, பொழுது சாய்ந்த பின் கொடிகளுக்கு மெல்ல விடுகிறது. இந்த உதவி இல்லாவிட்டால் அவ்வளவு வடக்கே ரீஸ்லிங் நன்கு பழுப்பதே அரிது. கல்லின் சுவையே ஒயினில் நேராக இறங்குகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நீரையும் வெப்பத்தையும் நிலம் கையாளும் விதமே முக்கியம்.

ஆண்டும் அப்படித்தான்: 2003 கோடையின் வெப்ப அலை ஐரோப்பாவில் அமிலம் குறைந்த ஒயின்களைத் தந்தது.

வேறு விவரம் தெரியாதபோது லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை கூடும்; அதுவே நொதித்து ஆல்கஹால் ஆகிறது. இனிப்பற்ற ஒயினில் அது 12 சதவீதத்தை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் குளிர்ந்த இடம் அல்லது குளிர்ந்த ஆண்டு. 14 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல வெயில். சர்க்கரையை மிச்சம் வைத்து 8 அல்லது 9 சதவீதத்தில் நொதித்தல் நிறுத்தப்படும் மோசல் ரீஸ்லிங்குக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.