சார்ஜர் திருடினவன் ராபரி கேஸ்ல மாட்டின கதை: கலிஃபோர்னியா வர்ற தம்பிங்களுக்கு

எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), பேங்க் அக்கவுண்ட், டிஎம்வில வாங்குற டிரைவிங் லைசன்ஸ் எல்லாம் ஓரியண்டேஷன்லயே சொல்லிடுவாங்க, ஐ-94ஐ (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) மட்டும் மறக்காம டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. அங்க யாரும் சொல்லாத ஒண்ணை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் ரூம்மேட் திண்டுக்கல் பக்கத்துப் பையன். செல்ஃப் செக்அவுட்ல ஒரு சார்ஜரை ஸ்கேன் பண்ணாம பைக்குள்ள போட்டுட்டான், தப்புதான், நான் வக்காலத்து வாங்கல. வாசல்ல செக்யூரிட்டி பையைப் பிடிச்சார். பேசாம குடுத்துட்டு நின்னிருந்தா 950 டாலருக்குக் கீழ, சில்லறைத் திருட்டு. இவன் பயத்துல வெடுக்குன்னு இழுக்க, அந்த மனுஷர் தடுமாறி ட்ராலி வரிசை மேல விழுந்துட்டார். கலிஃபோர்னியா பீனல் கோட் 211, ராபரி! ராபரின்னா கத்தி, துப்பாக்கின்னுதானே நாம நினைக்கிறோம்? எடுத்ததை விடாம இருக்கத் தள்ளினாலே போதும்னு 1983லயே எஸ்டீஸ் கேஸ்ல கலிஃபோர்னியா கோர்ட் சொல்லிடுச்சு. (நம்ம பழைய ஐபிசி 390ம், 2024ல அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 309ம் கிட்டத்தட்ட இதேதான், ஆனா ஊர்ல அண்ணாச்சி கடைன்னா ரெண்டு அறை, அப்பாவுக்கு ஒரு போன், அதோட போயிருக்கும்.) கடைக்காரன்கிட்ட பேசி வாபஸ் வாங்க வைடான்னு அவங்க அப்பா தினமும் போன்ல சொல்றார், இங்க கேஸ் நடத்துறது டிஏ (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அரசு வக்கீல்), கடைக்காரன் இல்ல.

அப்புறம் வாட்ஸப் வக்கீலுங்க. "ராபரி ஃபெடரல் சட்டப்படி வயலன்ட் க்ரைமே இல்ல, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு ஒரு சீனியர் ஃபார்வர்ட் பண்ணார். அரைகுறை! 2022 டெய்லர் கேஸ்ல சொன்னது ஹாப்ஸ் ஆக்ட்ங்கிற ஃபெடரல் சட்டத்துல வர்ற ராபரிக்கு முயற்சி பண்றதைப் பத்தி மட்டும்தான், முழுசா நடந்ததை அப்பீல் கோர்ட்டுங்க வயலன்ட்னுதான் வச்சிருக்கு. 2019 ஸ்டோக்லிங் கேஸ்ல எதிர்ப்பை மீறுற அளவு பலம் காட்டினாலே போதும்னு 5-4ல தீர்ப்பு, அது புளோரிடா ராபரி. ஏன் இப்படி ஊருக்கு ஒரு மாதிரின்னா, ஆள் என்ன பண்ணான்னு பார்க்க மாட்டாங்க, அந்த மாநிலச் சட்டத்துல குற்றத்தை எப்படி எழுதியிருக்குன்னுதான் பார்ப்பாங்க. கலிஃபோர்னியா ராபரில தெரியாம பட்ட அடியும் அடங்கும், அதனால ஃபெடரல் 'வயலன்ட் ஃபெலனி'ல (வன்முறையான பெரிய குற்றம்) வராதுன்னு ஒன்பதாவது சர்க்யூட், அதாவது கலிஃபோர்னியாவுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட், 2015ல சொல்லிச்சு. அதே ராபரி மாநிலச் சட்டத்துல வயலன்ட் ஃபெலனி லிஸ்ட்ல இருக்கு, என்னத்தச் சொல்ல.

2015 தீர்ப்பைக் கேட்டு இவனுக்கு ஒரே குஷி. ஆனா வாசல்ல தப்பிச்சவன் கொல்லைல மாட்டினான். 2019ல அதே கோர்ட், கலிஃபோர்னியா ராபரி இமிக்ரேஷன் சட்டத்துல திருட்டுக் குற்றம்னு சொல்லிடுச்சு, தண்டனை ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆனா 'அக்ரவேட்டட் ஃபெலனி', நாடு கடத்தல்தான். க்ரிமினல் கேஸ் மட்டுமே பார்க்குற இவனோட வக்கீல், ப்ரொபேஷனோட (கண்காணிப்புல விடுறது) ஒரு வருஷம் கவுண்டி ஜெயில், சீக்கிரமே வெளிய வந்துடலாம்னு ப்ளீ (குற்றத்தை ஒத்துக்கிட்டுப் போடுற ஒப்பந்தம்) பேசி முடிச்சுட்டார். வெளிய வந்தான், இமிக்ரேஷன் ஆளுங்க காத்திருந்தாங்க. 364 நாள்னு எழுத வச்சிருந்தா, வேற சிக்கல் இருந்திருக்கும், அந்தப் பிரிவுல மட்டும் மாட்டியிருக்க மாட்டான். ஒரே ஒரு நாள்ங்க!

ப்ளீல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி 'இது என் விசாவை என்ன பண்ணும்'னு வக்கீல்கிட்ட எழுத்துல கேளுங்க, சொல்ல வேண்டியது அவர் கடமைன்னு 2010 படில்லா தீர்ப்பு இருக்கு. சஸ்பெண்ட் பண்ணின (அனுபவிக்காம நிறுத்தி வச்ச) தண்டனையும் அந்த ஒரு வருஷக் கணக்குல வரும். கையைப் பிடிச்சா இழுக்காதீங்க.

அவனோட ரைஸ் குக்கர் இன்னும் என்கிட்டதான் கிடக்கு, புதுசா வர்ற யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.