ஜூரிப் பணிக்கு அழைப்பு வந்தால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் தேர்வாகி ஜூரி (வழக்கைக் கேட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா எனத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு) அழைப்பாணை வீட்டுக்கு வரும்போது, சம்பளம் என்னாகும், ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முடிவை நான் எப்படி எடுப்பேன் என்ற கலக்கம் பலருக்கும் எழுவது இயல்பே. கடிதத்தை ஒதுக்கி வைக்காமல் 7 நாட்களுக்குள் பதில் அனுப்புங்கள்; தவறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். தேர்வு, அறுவை சிகிச்சை போன்ற காரணங்கள் இருந்தால், அடுத்த 12 மாதங்களுக்குள் வேறொரு தேதிக்கு ஒருமுறை தள்ளிவைக்கக் கேட்கலாம். சம்பள இழப்புப் படிவத்தை முதலாளியிடம் முன்கூட்டியே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

பணி பெரும்பாலும் 10 வேலைநாட்கள் நீடிக்கும். அதில் கணிசமான நேரம் காத்திருப்பு அறையிலேயே கழியும் என்பதால் ஒரு புத்தகம் கட்டாயம் வேண்டும். வழக்கமாக 15 பேரை நீதிமன்ற அறைக்கு அழைத்துச் சென்று, அவர்களிலிருந்து 12 பேரின் பெயரை எழுத்தர் வாசிப்பார். ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

என் கருத்தில் மிகக் கடினமானது மௌனம்தான். கேட்ட சாட்சியம் மனத்தை அழுத்தினாலும், வழக்கு நடக்கும்போது கணவனிடமோ மனைவியிடமோகூட அதைப் பற்றிப் பேசக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரை இணையத்தில் தேடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சந்தேகம் எழுந்தால் அதைத் தாளில் எழுதி நீதிபதிக்கு அனுப்புங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.